நகக்காரம்மாவும் நாலாயிரம் வாகைக் கன்றும்

அவளுடைய வலது கட்டைவிரல் நகம் மற்ற நகங்களைவிட நன்றாக வெளியே நீண்டிருக்கும். அழகுக்காக வளர்த்ததில்லை. அழகுக்கென்று யாராவது நினைத்துக் கேட்டுவிட்டால் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் போவார்கள். வனத்துறை நாற்றங்காலில் கன்றுகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. அந்த வேலைக்கு அந்த நகம் ஒரு கருவி. வாகைக் கன்றின் வேரில் கடுகளவிலிருந்து சோளத்தளவு வரைக்கும் சின்னச் சின்ன முடிச்சுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில் ஒன்றைக் கிள்ளி நகத்தால் இரண்டாகப் பிளப்பாள். உள்ளே சிவப்பாக இருந்தால் சரி. அதற்குள் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மரத்துக்கு ஊட்டிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். வெள்ளையாக இருந்தால் இன்னும் வேலையைத் தொடங்கவில்லை. பச்சையாக இருந்தால் கடையைக் கட்டியாகிவிட்டது. யாராவது லீவு கேட்டு வந்து நின்றாலும், ஒரு முடிச்சைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டேதான் அவள் பதில் சொல்வாள். அப்படித்தான் நகக்காரம்மா என்று பெயர் வந்தது. பெற்றவர்கள் வைத்த பெயர் இப்போது வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அவள் குடியிருக்கும் தெருவில் முப்பத்தெட்டு வீடுகள். தெருவுக்குப் பின்னால், எப்போதோ மூடிவிட்ட கல் குவாரியின் கழிவு மேடு ஒரு குன்றளவுக்கு நிற்கிறது. கல்தூளும் சரளையும் தவிர அதில் ஒன்றும் கிடையாது, புல்கூட மதிக்காது. மழை வந்தால் அந்த மேடு கரைந்து தெருவுக்குள் இறங்கும். வாசலில் பலகை வைத்து அடைத்தாலும் சமையலறை வரைக்கும் சேறு வரும். சரிவில் மரம் நட்டுப் பிடித்து நிறுத்தலாம் என்று வனத்துறை இரண்டு தடவை நட்டுப் பார்த்தது. இரண்டு தடவையும் அத்தனையும் பட்டுப்போயின. மூன்றாவது தடவை நடும்போது, இதுவும் பிடிக்கவில்லையென்றால் தெருவையே காலி செய்து எல்லாரையும் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் எங்கோ கொண்டுபோய் வைத்துவிடுவோம் என்று எழுத்திலேயே சொல்லிவிட்டார்கள். அந்த மூன்றாவது தடவைக்கான கன்றுகள்தான் நாலாயிரமும் அவள் கையில் வளர்ந்துகொண்டிருந்தன. வீடு போகுமா இருக்குமா என்பது அந்த வேர்களில் இருந்தது.

முதல் இரண்டு தடவை ஏன் போயிற்று என்று கேட்டுவிடாதீர்கள், அவளுக்கு இன்றைக்கும் ரத்தக் கொதிப்பு ஏறும். முதல் தடவை அவள் தட்டுகளில் மண் நிரப்பும் கூலியாள். பத்தொன்பது வயது. மண்ணைச் சலித்து, வறுத்து, சுத்தமோ சுத்தம் என்று ஆக்கி விதை போடச் சொன்னார்கள். வேரில் குடியேற வேண்டிய உயிர்களும் அந்தச் சூட்டிலேயே செத்துப்போயின. இரண்டாம் தடவை அப்போதிருந்த அதிகாரிக்கு, வருகிறவர்கள் கண்ணுக்குக் கன்று பச்சைப்பசேலென்று தெரிய வேண்டும். யூரியாவை அள்ளிக் கொட்டினார். உட்கார்ந்த இடத்துக்குத் தட்டில் சோறு வந்துகொண்டிருந்தால் யார் எழுந்துபோய் அடுப்புப் பற்றவைப்பார்கள்? வேர் முடிச்சே போடவில்லை. சரிவில் கொண்டுபோய் நட்டதும் யூரியா இல்லை, மண்ணிலும் ஒன்றும் இல்லை. இரண்டே மாதத்தில் அத்தனையும் மஞ்சளாகிச் செத்தன.

அப்படி நட்ட மூவாயிரத்தில் ஒன்றே ஒன்று மட்டும் பிழைத்திருந்தது. சரிவின் அடியில், ஒரு பழைய வாகை மரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில். அவள் அதைக் கையாலேயே தோண்டிப் பார்த்தாள். வேரெல்லாம் முடிச்சு. ஏதோ ஒரு வேகத்தில் ஒன்றை நகத்தால் பிளந்தாள், உள்ளே சிவப்பு. பிறகு ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த மண் ஆய்வாளர் அம்மாவிடம் அதைக் காட்டி விவரம் கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து வாகை மரத்தடி மண்ணில் ஒரு கூடை வெட்டி வந்து கலக்காமல் அவள் விதை போட்டதில்லை. அதற்கும் சிரித்தார்கள். நகக்காரம்மா மண்ணுக்கு மோர் ஊற்றி உறை குத்துகிறாள் என்றார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவள் விட்டுவிட்டாள்.

இந்தத் தடவை எல்லாம் சரியாக இருந்தது. நீள டம்ளர் மாதிரியான பிளாஸ்டிக் குழாய்களில் நாலாயிரம் கன்றுகள், ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். எதை உருவிப் பார்த்தாலும் சிவப்பு. மழைக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அப்போது பார்த்து அந்த மனிதர் வந்து சேர்ந்தார்.

பயிர்நோய் ஆய்வாளர். காய்கறித் தோட்டப் பிரிவிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடி தொங்கவிட்டிருந்ததால், வந்த பத்தாவது நிமிஷமே நாற்றங்காலில் வேலை பார்க்கும் பெண்கள் லென்ஸ்காரர் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவர் ஒரு கன்றை உருவி, வேரை லென்ஸில் பார்த்து, பாம்பைப் பிடித்தவர் மாதிரி கையை நீட்டிக்கொண்டார்.

"புழு விழுந்திருக்கு," என்றார். "நூற்புழு. தக்காளியில நூறு தடவை பார்த்திருக்கேன்."

"சார், தக்காளி வேற, இது வேற. புழு விழுந்தா வேரே வீங்கிடும், அதைப் பிரிச்செடுக்க முடியாது. இது வேர்மேல ஒட்டிக்கிட்டிருக்கு. விரலால தட்டினா உதிர்ந்துடும், பாருங்க." தட்டினாள், உதிர்ந்தது. நகத்தால் பிளந்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். "உள்ள பாருங்க. சிவப்பு."

"ரத்த நிறத்துல இருக்கு," என்று அவர் குறித்துக்கொண்டார். "அப்போ நோய் ரொம்ப முத்திடுச்சு."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவர் அதைக் கவனிக்கவில்லை. தட்டுகளின் ஓரத்தில் சிவப்பு நாடாவைக் கட்டிவிட்டு, "வெள்ளிக்கிழமை திரும்ப வருவேன். வேர் சுத்தமா இருந்தா விடறேன். இல்லேன்னா அத்தனையும் எரிச்சிடணும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

மண் ஆய்வாளர் அம்மாவிடமிருந்து கையெழுத்தும் முத்திரையுமாக ஒரு கடிதம் வாங்கி வந்தால்தான் இந்த ஆள் வாயை மூடுவார் என்று அவளுக்குப் புரிந்தது. மறுநாள் விடியும்போதே இரண்டு பஸ் மாறி ஆராய்ச்சி நிலையத்துக்குக் கிளம்பினாள். கிளம்பும்போது பெண்களிடம், "ஒண்ணையும் தொடாதீங்க. தண்ணி மட்டும் ஊத்துங்க," என்று மூன்று தடவை சொன்னாள்.

மூன்று தடவையும் தலையாட்டியவள் அவளுடைய நாத்தனார். கணவரின் தங்கை, அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருப்பவள், நாற்றங்காலில் பதினாறு வருஷமாக வேலை பார்ப்பவள். நல்லவள். பிரச்சினையே அதுதான். அவளுக்கு யாராவது கண் கலங்கினால் தாங்காது. உடனே ஏதாவது செய்தாக வேண்டும். எதைச் செய்வது என்பதை மட்டும் முழுசாகக் கேட்டுக்கொள்ள மாட்டாள். லென்ஸ்காரர் வந்தபோது அவள் கூடையோடு பக்கத்தில்தான் நின்றிருந்தாள். நடந்த பேச்சில் அவள் காதில் விழுந்தது இரண்டே விஷயம்: வேர் சுத்தமாக இருந்தால் விட்டுவிடுவார், தட்டினால் உதிர்ந்துவிடும்.

ஆராய்ச்சி நிலையத்தில் மண் ஆய்வாளர் அம்மா வெளியூர் போயிருந்தார். நாளைக்கு வருவார் என்றார்கள். அவள் தூரத்துச் சொந்தத்தில் ஒரு வீட்டில் படுத்து எழுந்து மறுநாள் மறுபடி வந்தாள். அம்மா வந்தார், ஐந்தே நிமிஷத்தில் கடிதம் சொல்லி எழுதவைத்தார். வாகையின் முடிச்சு மரத்துக்குச் சோறு போடுவது, நோயில்லை என்று அதில் தெளிவாக இருந்தது. அதைத் தட்டெழுதுகிறவர் சாப்பிடப் போயிருந்தார். சாப்பிட்டு வந்தபோது மின்சாரம் இல்லை. மின்சாரம் வந்தபோது முத்திரை இருந்த பீரோவின் சாவி வேறொருவரோடு வங்கிக்குப் போயிருந்தது. நகக்காரம்மா அந்த மர பெஞ்சில் உட்கார்ந்து, ஜன்னல் ஓரத் தொட்டியில் இருந்த ஏதோ ஒரு செடியின் வேரைத் தோண்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைநிலை ஊழியர் வந்து தொட்டியை நகர்த்தி வைத்தார். சாயங்காலம் கடிதம் கைக்கு வந்தபோது கடைசி பஸ் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை அவள் நாற்றங்காலுக்குள் நுழைந்தபோது பதினோரு பெண்களும் வரிசையாக நின்றார்கள். எல்லார் முகத்திலும் பரிசு வாங்கப்போகிற சிரிப்பு. முன்னால் நாத்தனார்.

"அண்ணி, இங்க பாருங்க!" என்று ஒரு குழாயைக் கவிழ்த்துத் தட்டி, கன்றை உருவிக் காட்டினாள்.

வேர் பல் விளக்கிய மாதிரி இருந்தது. ஒரு முடிச்சு இல்லை.

நகக்காரம்மா அடுத்ததை உருவினாள். அடுத்ததை. வேறு தட்டில் போய் ஒன்றை உருவினாள்.

"எத்தனை?" என்றாள்.

"நாலாயிரமும், அண்ணி! ரெண்டு நாள். சாப்பிடக்கூட எந்திரிக்கலே. ஒண்ணொண்ணா உருவி, தண்ணியில அலசி, தட்டித் தட்டி எடுத்து, திரும்ப மண்ணு போட்டு வச்சிட்டோம். ஒரு வேர்கூட அறுபடலே."

"யாருடி உங்களைத் தொடச் சொன்னது?"

"நீங்கதானே அண்ணி சொன்னீங்க, தட்டினா உதிர்ந்துடும்னு..." நாத்தனார் கையிலிருந்த கன்றின் வேரைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு நகக்காரம்மா வாயில் வந்ததையெல்லாம் இங்கே எழுத முடியாது. முப்பது வருஷத்துப் படிப்பை இரண்டு நாளில் கழுவி ஊற்றிவிட்டீர்களே என்பதுதான் அதில் எழுதக்கூடிய ஒரே வாக்கியம். பதினோரு பேரும் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு நின்றார்கள். அந்த விரல்களைப் பார்த்த பிறகு அவளுக்குத் திட்டவும் முடியவில்லை, திட்டாமலும் இருக்க முடியவில்லை. அந்த நேரத்தில் லென்ஸ்காரர் வந்து இறங்கினார்.

நாலைந்து கன்றை உருவினார். லென்ஸில் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அருமை! மூணே நாள்ல இவ்வளவு சுத்தமா? என்ன மருந்து போட்டீங்க?"

"மருந்து இல்லே சார்," என்றாள் நகக்காரம்மா. "என் நாத்தனார்."

அவர் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். அவள் கடிதத்தை நீட்டினாள். "அதெல்லாம் இனிமே எதுக்கும்மா? அதான் சரியாயிடுச்சே," என்று சொல்லி, சிவப்பு நாடாவைத் தானே அவிழ்த்துச் சுருட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார். ஜெயித்தாயிற்று. இதைவிடக் கேவலமான ஜெயிப்பை அவள் அதுவரை பார்த்ததில்லை.

வெறும் வேரோடு அந்தக் கல்தூளில் நட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு தடவை பார்த்தாயிற்று. திடீரென்று திரும்பினாள்.

"உருவின முடிச்சையெல்லாம் எங்க போட்டீங்க?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதல் நாள் எடுத்ததைச் சாக்கடையில் கொட்டிவிட்டார்களாம். நேற்று எடுத்தது மட்டும் இரண்டு வாளி, கொட்ட நேரமில்லாமல், ஈரச் சாக்கு போட்டுக் கொட்டகைக்குள் கிடந்தது. அவள் ஓடிப்போய்ச் சாக்கைத் தூக்கி ஒன்றைப் பிளந்தாள். கொஞ்சம் வாடியிருந்தது, ஆனால் இன்னும் சிவப்பு.

அதற்கப்புறம் அந்த நாற்றங்கால் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. முடிச்சை நசுக்கித் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் அதே உயிர்கள் மறுபடி வேரில் குடியேறும். சொல்வதற்கு ஒரு வாக்கியம். செய்யப்போனால் ஒவ்வொரு அடியிலும் ஒரு மடத்தனம் குறுக்கே வந்தது. ஒருத்தி பெரிய பீப்பாயில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்தாள். "அதுல பிளீச்சிங் பவுடர் இருக்கும்டி, குடியேறப் போறதையெல்லாம் கொன்னுடும்!" என்று நகக்காரம்மா அதைக் கவிழ்க்கச் சொன்னாள். இன்னொருத்தி, போன மாதம் பூசணக்கொல்லி அடித்த தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு வந்தாள். மூன்றாவது ஒருத்தி சுறுசுறுப்பாக உச்சி வெயிலிலேயே ஊற்றத் தொடங்கினாள். வெயில் பட்டாலும் அந்த உயிர்கள் செத்துவிடும். பம்ப் மெக்கானிக்கான நகக்காரம்மாவின் கணவரை வேலையிடத்திலிருந்து வரச்சொல்லி, குளத்துத் தண்ணீரை இழுத்து, முடிச்சுகளை உரலில் இடித்து, துணியில் வடிகட்டி, வெயில் சாய்ந்த பிறகு ஆளுக்கொரு சொம்பாக நாலாயிரம் கன்றுக்கும் ஊற்றினார்கள். நாத்தனார்தான் இடித்தாள்.

பிறகு காத்திருக்க வேண்டியதுதான். மழை காத்திருக்கவில்லை. பதினைந்தாம் நாளே பிடித்துக்கொண்டது. மேடு கரைந்து தெருவுக்கு இறங்கியது. வாசல் பலகையைத் தாண்டி, அடுப்புமேடையின் கால்வரை சேறு. தெருவே அவள் மேல் பாய்ந்தது.

"கன்னு வளர்ந்து நிக்குது, நட மாட்டேங்குறாங்க. நகக்காரம்மா அதுங்களுக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டிருக்காங்களா?"

மேலதிகாரியும் போனில் கேட்டார், ஆய்வாளரே சுத்தம் என்று எழுதிக் கொடுத்த பிறகு ஏன் தாமதம் என்று.

"வெறும் வேரோட வச்சா அது கன்னு இல்லே சார், குச்சி. குச்சி நடணும்னா ஆளை அனுப்புங்க, நான் வரலே," என்று போனை வைத்துவிட்டாள். அவளுக்கு மட்டும் என்ன நிச்சயம்? வாடின முடிச்சு, பாதிக்குப் பாதி சாக்கடைக்குப் போனது. ஒட்டாமலே போனால் முப்பத்தெட்டு வீடும் அவளால்தான் போகும்.

தினமும் ஒரு கன்றை உருவினாள். வெகுநாள் ஒன்றுமே இல்லை. பிறகு குண்டூசித் தலையளவில் ஏதோ தெரிந்தது. பிளந்தால் வெள்ளை. சாயங்காலம் அவள் சேற்றில் கால் வைத்து வீட்டுக்குள் வரும்போது கணவர் கேட்பார், "இன்னைக்கு என்ன நிறம்?"

"வெள்ளை."

அவர் மறுபடி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சமையலறையைச் சுத்தம் செய்யப் போவார்.

நாத்தனார் அந்த நாட்களில் அண்ணியின் கண்ணிலேயே படாமல் வேலை செய்தாள். எல்லாருக்கும் முன்னால் வருவாள், தண்ணீர் ஊற்றுவாள், தூரத்துத் தட்டுகளுக்கு நடுவே எங்காவது குனிந்திருப்பாள். இருபத்து நான்காம் நாள் காலை அவளே நடந்து வந்து அண்ணி முன்னால் கையை நீட்டினாள். உள்ளங்கையில் இரண்டாகப் பிளந்த ஒரு முடிச்சு.

"அண்ணி, இது சிவப்பா? இல்ல, எனக்குத்தான் அப்படித் தெரியுதா?"

நகக்காரம்மா முடிச்சைப் பார்த்தாள். அப்புறம்தான் அந்தக் கட்டைவிரலைப் பார்த்தாள். நாத்தனாரின் நகம் வெளியே நீண்டு, ஓரத்தில் மண்ணேறிக் கறுத்திருந்தது.

"சிவப்புதான்," என்றாள். அழுகை வந்துவிடும்போல் இருந்ததால், "நின்னுக்கிட்டு என்ன பண்றே, போய் எல்லாரையும் கூப்பிடு," என்று கத்தினாள்.

கொட்டும் மழையில் கயிறு கட்டிக்கொண்டு மூன்று நாள் நட்டார்கள். உருவியதில் வாடிச் செத்தது போக மூவாயிரத்து நானூறு மிச்சமிருந்தது. தெருவே சரிவில் ஏறியது. தாலாட்டு என்று கேட்டவர்களும் கூடையோடு வந்தார்கள். முதல் இரண்டு மாதம் அவள் தூங்கினாளா என்பது சந்தேகம். கன்றுகள் மஞ்சளாகவில்லை. அடுத்த மழைக்குச் சேறு வாசல் பலகையோடு நின்றது. அதற்கடுத்த மழைக்குப் பலகையே வைக்கவில்லை. சாக்கடையில் தண்ணீர் தெளிவாக ஓடியது. தெருவைக் காலி செய்யும் யோசனையைக் கைவிட்டதாகத் தாள் வந்தது. அதை அவள் கணவர் சமையலறைச் சுவரில், பழைய சேற்றுக் கறை இருந்த உயரத்தில், ஒட்டிவைத்தார்.

கதை இங்கே முடிந்திருந்தால் அவளும் நிம்மதியாக இருந்திருப்பாள். அடுத்த வாரமே எல்லா நாற்றங்கால்களுக்கும் ஒரு சுற்றறிக்கை போயிற்று. கையெழுத்து லென்ஸ்காரருடையது. குவாரிச் சரிவில் கண்ட வெற்றியைத் தொடர்ந்து, இனி நடுவதற்கு முன் கன்றுகளின் வேரிலுள்ள முடிச்சுகள் அனைத்தையும் உதிர்த்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்று அதில் இருந்தது. நல்ல மனதோடுதான் எழுதியிருந்தார். அவளுடைய நாற்றங்காலை முன்மாதிரி என்று இரண்டு இடத்தில் குறிப்பிட்டிருந்தார்.

நகக்காரம்மா அதைப் படித்துவிட்டு ஒரு நிமிஷம் சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு பீரோவிலிருந்து அந்தப் பழைய கடிதத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் நாத்தனார் ஒரு வாகைக் கன்றைக் குழாயோடு இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நானும் வரேன் அண்ணி. இது நான் சொல்ல வேண்டியது."

அலுவலகத்தில் லென்ஸ்காரர் எழுந்து நின்று வரவேற்றார். நகக்காரம்மா கடிதத்தை எடுப்பதற்குள் நாத்தனார் குழாயை அவருடைய மேஜைமேல் கவிழ்த்துத் தட்டினாள். சுற்றறிக்கைப் பிரதிகளின் மேல் மண் சிதறியது.

"சார், அந்த நாலாயிரத்தையும் உருவினது நான். அண்ணி ஊர்ல இல்லே. நான் பண்ணினது மருந்தும் இல்லே, சுத்தமும் இல்லே, தப்பு. அறுநூறு கன்னு என் கையாலதான் செத்துச்சு. அந்தத் தப்பைச் சரிபண்ண அண்ணி ஒரு மாசம் பட்ட பாடு எங்க தெருவுக்கே தெரியும். அதை ஊர் ஊரா செய்யச் சொல்லி எழுதியிருக்கீங்களே சார்." ஒரு முடிச்சைக் கிள்ளி, தன் நகத்தால் பிளந்து, அவருடைய கையெழுத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். காகிதத்தில் சிவப்பாக ஈரம் பரவியது. "இதுதான் சார் எங்க மேட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

நகக்காரம்மாவுக்குச் சொல்ல எதுவும் மிச்சமில்லை. அவள் வாழ்க்கையில் அப்படி நடந்ததே கிடையாது. கடிதத்தை மட்டும் மேஜையில் வைத்தாள்.

லென்ஸ்காரர் கடிதத்தை முழுசாகப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு வேரைத் தன் பக்கம் இழுத்து, ஒரு முடிச்சைக் கிள்ளி, இரண்டாகப் பிளக்கப் பார்த்தார். ஒட்ட வெட்டிய நகம். முடிச்சு நழுவி மேஜைக்கு அடியில் ஓடியது. குனிந்து தேடி எடுத்து மறுபடி முயற்சி செய்தார், மறுபடி நழுவியது. மூன்றாவது தடவை நழுவியபோது இரண்டு பேரையும் பரிதாபமாக நிமிர்ந்து பார்த்தார்.

"நகம் வளர்க்கணும் சார்," என்றாள் நாத்தனார்.